உயில் நிறைவேற்றுநர் கணக்குக் காட்டாதபோது பயனாளிகள் என்ன செய்யலாம்?

வாசகி ஒருவரின் கேள்வி, 4 பிப்ரவரி 2023

எங்கள் அப்பா 2020 நவம்பரில் காலமானார். பதிவு செய்த உயில் இருக்கிறது. மேற்கு மாம்பலத்து வீட்டையும் வங்கி வைப்புத் தொகையையும் எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாக எழுதி, அதை நிறைவேற்றும் பொறுப்பை எங்கள் தாய்மாமனிடம் விட்டிருக்கிறார். மாமா 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் மெய்யென்று நீதிமன்றம் உறுதிசெய்து தரும் ஆணை, வாங்கினார். இன்றுவரை எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. கீழ்த்தளத்தில் இரண்டு குடித்தனங்கள் இருக்கின்றன. அந்த வாடகை எங்கே போகிறதென்று தெரியவில்லை. கேட்டால் "என் மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்கிறார். தம்பி போலீசுக்குப் போகலாம் என்கிறான். மாமாவை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்க முடியுமா?

5 பிப்ரவரி 2023

நீக்க முடியும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 301ஆவது பிரிவில், நிறைவேற்றுநரை இடைநிறுத்தவும் நீக்கவும் அவருடைய இடத்தில் வேறொருவரை அமர்த்தவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனாலும் அங்கிருந்து தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் அங்கிருந்து தொடங்கி ஒன்றரை ஆண்டுகளை இழந்தவள்.

எங்கள் சித்தப்பா திருமணம் செய்துகொள்ளவில்லை. திருவல்லிக்கேணியில் இருந்த வீட்டை அண்ணன் தம்பி பிள்ளைகளான எங்கள் மூவருக்கும் எழுதிவைத்துவிட்டு 2011இல் காலமானார். நிறைவேற்றுநர் எங்கள் பெரியப்பாவின் மகன். நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். புரொபேட் கிடைத்த பிறகு வாடகை, வைப்புத் தொகை, பழுதுபார்ப்புச் செலவு எதைப்பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. கோபத்தில் நேராக 301இன் கீழ் நீக்கல் மனுப் போட்டோம். நீதிபதி முதலில் கேட்ட கேள்வி, "எழுத்து மூலமாகக் கணக்குக் கேட்டீர்களா?" என்பதுதான். வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டோம், தொலைபேசியில் கேட்டோம் என்றுதான் எங்களால் சொல்ல முடிந்தது. கையில் ஒரு காகிதமும் இல்லை.

உயில் எழுதியவர் தன் சொந்த முடிவாக ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதை நீதிமன்றங்கள் எளிதில் புறந்தள்ளுவதில்லை. பயனாளிக்கும் நிறைவேற்றுநருக்கும் மனக்கசப்பு என்பது மட்டும் நீக்கத்துக்குக் காரணமாகாது. அவர் நீடித்தால் சொத்துக்கும் பயனாளிகளின் நலனுக்கும் கேடு வரும் என்று காட்ட வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1884இல் லெட்டர்ஸ்டெட் வழக்கில் அறங்காவலர்களைப் பற்றிச் சொன்ன இந்த அளவுகோல்தான் இன்றும் எடுத்தாளப்படுகிறது. கேட்டுப் பெற்ற கணக்கோ, கேட்டும் தராத மௌனமோதான் அந்தக் கேட்டைக் காட்டும். ஆகவே முதலில் கணக்கைக் கேளுங்கள்.

சட்டமே அதற்கு வழி செய்திருக்கிறது. 317ஆவது பிரிவின்படி நிறைவேற்றுநர் 6 மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். உங்கள் அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் தாண்டிவிட்டதால் இரண்டு கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டன.

5 பிப்ரவரி 2023, இரவு

போலீஸ் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். நம்பி ஒப்படைத்த சொத்தைக் கையாடல் செய்தால் இந்திய தண்டனைச் சட்டம் 406 (2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 316) பொருந்தக்கூடும் என்பது உண்மை. எங்கள் வீட்டிலும் புகார் கொடுத்தார்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, "இது சிவில் மேட்டர், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அண்ணா எங்களோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு போனது என்பது தெரியாமல் கொடுக்கும் புகாரில் பிடிமானம் இருக்காது. தம்பியைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி 2023

முதல் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. படித்துவிட்டு ஒருவர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. 317ஆவது பிரிவின் 6 மாதமும் ஓராண்டும் இறந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை அல்ல. புரொபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுபவை. இறந்த நாளிலிருந்து எண்ண வேண்டியது வேறொரு ஓராண்டு: 337ஆவது பிரிவின்படி அந்த ஓராண்டு முடியும்வரை எந்தப் பங்கையும் கொடுக்கும்படி நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டையும் நான் குழப்பிவிட்டேன்.

உங்கள் நிலைமையில் முடிவு மாறவில்லை. 2021 டிசம்பரிலிருந்து எண்ணினால் பட்டியலுக்கான கெடு 2022 ஜூனிலும் கணக்குக்கான கெடு 2022 டிசம்பரிலும் முடிந்திருக்கின்றன. நீதிமன்றம் கால நீட்டிப்புத் தந்திருக்கிறதா என்பதை மட்டும் வழக்குக் கோப்பில் பார்த்துவிடுங்கள். ஆனால் அண்மையில்தான் புரொபேட் கிடைத்தவர்கள் என் முதல் குறிப்பை நம்பி அவசரப்பட்டு நோட்டீஸ் அனுப்பினால், நிறைவேற்றுநரின் வக்கீல் ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார்.

19 பிப்ரவரி 2023

கணக்கு எப்படிக் கேட்பது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

முதல் கடிதத்தை வக்கீல் நோட்டீசாக அனுப்பாமல், நீங்களே மாமாவுக்கு மரியாதையாக எழுதுங்கள். தபாலில் பதிவு செய்து, ஒப்புகையோடு அனுப்புங்கள். "சொத்துகளின் பட்டியல், இறந்த நாளன்று வங்கியில் இருந்த இருப்பு, அன்றிலிருந்து வந்த வாடகை, கட்டிய வரிகள், செய்த செலவுகள், நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருந்தால் அதன் நகல்" என்று கேட்பதைக் குறிப்பாகக் கேட்டு, 30 நாள் அவகாசம் கொடுங்கள். குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். பின்னால் இந்தக் கடிதத்தை நீதிபதி படிக்கப்போகிறார் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உயிலைப் பதிவு செய்தவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் தருவார்கள்; அவர் காலமான பிறகு இறப்புச் சான்றிதழைக் காட்டி யாரும் சான்றிட்ட நகல் வாங்கலாம். மாமா கொடுத்த ஒளிநகலை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நீதிமன்றத்தில் தாக்கலான புரொபேட் மனுவோடு ஒரு சொத்து மதிப்புப் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். அதன் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். மாமா கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் சொன்னது அதில் இருக்கும்.

எங்கள் வழக்கைத் திருப்பியது ஒரு நோட்டுப் புத்தகம். சித்தப்பா வாடகைக்கென்று பழுப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் ஒரு வரி: தேதி, குடித்தனக்காரர் பெயர், தொகை, மின்சார மீட்டர் அளவு, கடைசியில் குடித்தனக்காரரின் கையெழுத்து. நீல மையில் எழுதி, பாக்கி இருந்தால் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிடுவார். அவர் காலமான மாதத்துக்கு முந்தைய மாதம்வரை ஒரு வரிகூட விடுபடவில்லை. அண்ணா தாக்கல் செய்த கணக்கில் முன்பக்கப் பகுதிக்கு மாத வாடகை 6,000 ரூபாய் என்றிருந்தது. நோட்டில் அதே பகுதிக்கு, அதே குடித்தனக்காரரின் கையெழுத்தோடு 9,500 ரூபாய் என்றிருந்தது. நோட்டு பரணில் கிடந்த தகரப் பெட்டியில், பஞ்சாங்கங்களுக்கு அடியில் இருந்தது. என் தங்கைதான் தேடி எடுத்தாள். வயதானவர்களின் டைரி, கணக்கு நோட்டு, பழைய பாஸ்புத்தகம் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

12 மார்ச் 2023

வேறொரு வாசகரின் நிலைமை இது: உயில் இருக்கிறது, நிறைவேற்றுநர் புரொபேட்டுக்கே விண்ணப்பிக்காமல் நான்கு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார், வீட்டுச் சாவி மட்டும் அவரிடம் இருக்கிறது.

இவரை நீக்குவதைப்பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. 229ஆவது பிரிவின் கீழ், பொறுப்பை ஏற்கிறாரா துறக்கிறாரா என்று கேட்கும் சைட்டேஷனை நீதிமன்றத்தின் வழியாக அவருக்கு அனுப்பச் செய்யலாம். குறித்த காலத்துக்குள் அவர் ஏற்கவில்லையென்றால், உயிலை மெய்ப்பித்து அதன் நகலோடு சேர்ந்த நிர்வாக உரிமையை, அதாவது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனை, உயிலில் தனித்தனியாகக் குறித்துக் கொடுத்தவை போக எஞ்சிய சொத்துக்குரிய பயனாளியே வாங்கிக்கொள்ள 231, 232 ஆகிய பிரிவுகள் இடம் தருகின்றன. இதற்கும் காலவரம்பு உண்டு. விண்ணப்பிக்கும் உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்ற வரம்பு புரொபேட் மனுவுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் குன்வர்ஜீத் சிங் வழக்கில் சொன்னது. ஆனால் அந்த உரிமை இறந்த நாளில்தான் எழுந்தது என்று கட்டாயமில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் உரிமை எப்போது மறுக்கப்பட்டது என்ற தேதியை வக்கீலிடம் சரியாகச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

2 ஏப்ரல் 2023

மாமாவின் பதில் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வரவில்லை, மாறாக, "வீட்டை விற்றுப் பணமாகப் பிரித்துத் தருகிறேன், வாங்குபவர் தயாராக இருக்கிறார்" என்று வந்திருக்கிறது. வாங்கப்போகிறவர் மாமியின் தம்பி என்பது குடித்தனக்காரர் மூலமாகத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதைப் படித்தபோது என் நெஞ்சு பதறியது. இனி பொறுமையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதற்கான கட்டம் இல்லை.

முதல் கேள்வி, விற்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பது. அப்பாவுக்குக் கடன் ஏதுமில்லை என்கிறீர்கள். உயில் வீட்டை வீடாகவே உங்கள் இருவருக்கும் எழுதியிருக்கிறது. 307ஆவது பிரிவு நிறைவேற்றுநருக்குச் சொத்தை விற்கும் அதிகாரத்தைத் தருகிறது என்றாலும், அசையாச் சொத்தைப் பொறுத்தவரை உயில் விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு அது உட்பட்டது. உயிலின் அந்தப் பத்தியைச் சொல் சொல்லாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வாங்குபவர் யார் என்பது. நிறைவேற்றுநர் நேரடியாகவோ மறைமுகமாகவோ இறந்தவரின் சொத்தைத் தானே வாங்கினால், அதில் உரிமையுள்ள எவரும் அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லலாம் என்கிறது 310ஆவது பிரிவு. மாமியின் தம்பி என்பதால் மட்டும் அது மறைமுகமாக வாங்குவதாகிவிடாது. பணம் யாருடைய கணக்கிலிருந்து வருகிறது, விலை சந்தை விலைக்கு எவ்வளவு குறைவு, வாங்கிய பிறகு வீட்டை யார் அனுபவிப்பார் என்பவற்றை வைத்துத்தான் அதைக் காட்ட முடியும். அப்படிக் காட்டினாலும் விற்பனை தானாகச் செல்லாமல் போய்விடாது. நீங்கள் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். இடையில் அவர் அதை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும்.

ஆகவே பத்திரம் பதிவாவதற்கு முன்பே தடையாணை கேளுங்கள். தம்புச் செட்டித் தெருவிலோ வேறெங்கோ, உயில் வழக்குகளையே பெரும்பாலும் நடத்துகிற வக்கீல் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வாடகை வழக்கு நடத்துகிற குடும்ப நண்பர் போதாது. கையில் பணமில்லையென்றால், பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவின்படி இலவசச் சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கிறது.

3 ஏப்ரல் 2023

சார்பதிவாளருக்கு ஆட்சேபக் கடிதம் கொடுத்தால் போதாதா என்று தம்பி கேட்கிறார். கொடுங்கள், முத்திரையிட்ட நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பதிவை உறுதியாகத் தடுத்து நிறுத்துவது நீதிமன்ற ஆணைதான். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவராகிறார். வழக்குப் போட்டதை வாங்கவிருப்பவருக்கும் தபாலில் பதிவு செய்து தெரியப்படுத்துங்கள்.

28 மே 2023

இடைக்காலத் தடை கிடைத்த செய்தி நிம்மதி தந்தது. பட்டியலையும் கணக்கையும் தாக்கல் செய்ய மாமாவுக்கு உத்தரவிடக் கோரும் மனுவும் நிலுவையில் இருக்கிறது. இந்த இடைவெளியில், சென்ற சில மாதங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் அண்ணா வாடகையைக் குறைத்துக் காட்டியது உண்மை. ஆனால் நாங்கள் சந்தேகப்பட்டதில் பாதி தவறு என்பதும் கணக்கு வந்த பிறகு தெரிந்தது. மொட்டை மாடித் தளம் போட 1,40,000 ரூபாய் செலவானதாக எழுதியிருந்தார், ரசீது இல்லை. பொய் என்று வாதாடினோம். வேலை செய்த மேஸ்திரியைத் தேடிக் கண்டுபிடித்து நேரில் கேட்டபோது, தளம் போட்டதும் உண்மை, தொகையும் ஏறக்குறைய உண்மை என்று சொன்னார். சொத்து வரிக்கும் குடிநீர் வரிக்கும் தன் கைக்காசைப் போட்டிருக்கிறார். நிறைவேற்றுநர் வேலை நன்றி கிடைக்காத வேலை. அதைச் செய்கிறவர் திருடர் என்ற முடிவோடு கணக்கைப் படித்தால் உண்மையான செலவுகூடக் கண்ணுக்குப் படாது.

அன்று எனக்குத் தெரியாத இன்னொரு வழி வாரிசுரிமைச் சட்டத்தின் 302ஆவது பிரிவு. புரொபேட் வழங்கப்பட்ட சொத்தின் நிர்வாகத்தைப் பற்றி நிறைவேற்றுநருக்குப் பொதுவாகவோ குறிப்பாகவோ கட்டளையிட உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வாடகையைத் தனி வங்கிக் கணக்கில் போடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு கொடு, இந்தத் தொகைக்கு மேல் செலவு செய்யுமுன் அனுமதி வாங்கு என்று கேட்டிருந்தால், அண்ணாவை அவமானப்படுத்தாமலே காரியம் நடந்திருக்கும். நீக்கல் மனுவைப் படித்த அன்று பெரியம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் மாமா விற்பனை முயற்சியைக் கைவிட்டுவிட்டதாக எழுத்தில் சொன்னால், அவரை நீக்குவதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் நடக்கிறது. எங்கள் கணக்குத் தகராறு கடைசியில் அங்கேதான், நான்கு அமர்வுகளில் தீர்ந்தது. உயில் மெய்யா பொய்யா என்ற கேள்வி வேறு. அதை நடுவர் தீர்ப்புக்கு விட முடியாது, புரொபேட் நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 1993இல் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரவு செலவைப் பேசித் தீர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

16 ஜூலை 2023

"3 ஆண்டு முடிந்துவிட்டால் பங்கு கேட்கவே முடியாது" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. உயிலின்படி வரவேண்டிய பங்கை நிறைவேற்றுநரிடமிருந்து கேட்டு வழக்குப் போட, காலவரம்புச் சட்டத்தின் 106ஆவது இனம் 12 ஆண்டு தருகிறது. அது பங்கு கொடுபடத்தக்கதான நாளிலிருந்து ஓடுகிறது. நான் மார்ச்சில் சொன்ன 3 ஆண்டு, புரொபேட்டுக்கோ நிர்வாக உரிமைக்கோ விண்ணப்பிப்பதற்கு. இரண்டும் வெவ்வேறு.

நிர்வாக வழக்கு என்று ஒன்று இருப்பதையும் பலர் அறியவில்லை. சொத்து முழுவதையும் நீதிமன்ற மேற்பார்வையில் நிர்வகித்துப் பங்கிட்டுத் தரக் கேட்கும் வழக்கு அது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது கட்டளை, 13ஆவது விதியின்படி, நீதிமன்றம் முதலில் கணக்கும் விசாரணையும் எடுக்கச் சொல்லி முதனிலைத் தீர்ப்பாணை தரும். தேவைப்பட்டால், சொத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக் கவனிக்கும் ரிசீவரை நியமிக்கும். நீண்ட வழி, ஆனால் வீடு, கடை, பங்கு, பாக்கி என்று சொத்து சிதறிக்கிடந்தால் வேறு வழி சரிவராது.

நிறைவேற்றுநரின் தவறான செயலால் இழப்பு வந்தால் வாரிசுரிமைச் சட்டத்தின் 368ஆவது பிரிவின்படி அதை அவர் ஈடு செய்ய வேண்டும். அலட்சியத்தால் வந்த இழப்புக்கும் 369ஆவது பிரிவின்படி பொறுப்பு உண்டு. இறந்தவருக்கு வரவேண்டிய கடனைக் காலவரம்பு தாண்டும்வரை வசூலிக்காமல் விட்டுவிடுவது சட்டமே காட்டும் எடுத்துக்காட்டு. உங்கள் அப்பா யாருக்காவது கடன் கொடுத்திருந்தாரா என்று பாருங்கள்.

புரொபேட்டையே ரத்து செய்யும் 263ஆவது பிரிவைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். தக்க காரணமின்றி வேண்டுமென்றே பட்டியலையோ கணக்கையோ தாக்கல் செய்யாமலிருப்பதும், முக்கியமான விஷயத்தில் பொய்க் கணக்குத் தாக்கல் செய்வதும் ரத்துக்குரிய காரணங்களே. ஆனால் ரத்தானால் நிர்வாக உரிமையை வேறொருவர் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். உயிலை நீங்கள் ஏற்கிறீர்கள், ஆளைத்தான் ஏற்கவில்லை என்றால் 301 அதைவிடக் குறுகிய வழி.

8 அக்டோபர் 2023

மாமா கணக்கைத் தாக்கல் செய்துவிட்டார், 11 பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நகலைப் பார்த்தேன், பெயர்களை மறைத்து அனுப்பியதற்கு நன்றி.

முதல் வரியில் இருக்கும் வங்கி இருப்பை, அப்பா காலமான நாளன்று வங்கி காட்டும் இருப்போடு ஒப்பிடுங்கள்; அந்த ஒரு வரி தவறினால் கீழே உள்ள எல்லாமே தவறும். பிறகு வாடகை மாதங்களை விரல்விட்டு எண்ணுங்கள். நான் எண்ணிப் பார்த்ததில், பின்பக்கக் குடித்தனத்துக்கு 2022 மே மாத வாடகை வரவில் இல்லை. ஆள் காலி செய்திருந்தாரா, முன்பணத்தில் கழித்துக்கொண்டாரா என்று குடித்தனக்காரரையே கேளுங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. அது ஒரே ஆண்டில் மூன்று முறை வந்திருக்கிறது, பழைய பாக்கியாகவும் இருக்கலாம். "மேற்பார்வைச் செலவு" என்று மாதந்தோறும் ஒரு தொகை எடுத்திருக்கிறார். 309ஆவது பிரிவு, இறந்தவர்களின் சொத்தை நிர்வகிக்கும் அரசு அதிகாரியான அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலுக்கு நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் நிறைவேற்றுநர் கமிஷன் எடுக்கக் கூடாது என்கிறது. உயிலில் அவருக்கு ஊதியம் சொல்லப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தடையாணை வழக்கில் தனக்காக வைத்துக்கொண்ட வக்கீலின் கட்டணத்தையும் உங்கள் அப்பாவின் பணத்திலிருந்தே எடுத்திருக்கிறார். அதை அவர் சொந்தமாக ஏற்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேளுங்கள்.

மாமா இப்போது வீட்டை உங்கள் இருவர் பெயருக்கும் விட்டுத்தரத் தயார் என்று சொல்லியனுப்பியிருப்பது நல்ல செய்தி. 332ஆவது பிரிவின்படி பயனாளியின் உரிமை நிறைவு பெற நிறைவேற்றுநரின் சம்மதம் தேவை. வாய்மொழியாகச் சொன்னாலும் சட்டப்படி போதும். நீங்கள் வாய்மொழியோடு விடாதீர்கள். கணக்குத் தகராறு தீரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். "கணக்கு பற்றிய எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற சொற்களோடு வீட்டுக்கான சம்மதத்தை எழுத்தில் வாங்கிப் பட்டாவையும் சொத்து வரியையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றுங்கள். நவம்பர் வாடகையை உங்கள் இருவரின் கூட்டுக் கணக்கில் போடும்படி இரண்டு குடித்தனங்களுக்கும் மாமாவே கையெழுத்திட்டுக் கடிதம் கொடுக்கட்டும்.

மே மாத வாடகை விவரம் தெரிந்ததும் எழுதுங்கள்.